காய்ச்சல் சிரப்பில் சாயம்: பாட்டிலை மாற்றும் முன்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது, எடை 13 கிலோ. காய்ச்சல் வந்தால் 5 எம்.எல்.லில் 120 மி.கி. உள்ள பாராசிட்டமால் சிரப்பை 8 எம்.எல். கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். லேபிளில் 'நிறம்: சன்செட் எல்லோ எஃப்.சி.எஃப்.' என்று போட்டிருக்கிறது. இந்தச் சாயம் பிள்ளைகளை அடங்காமல் ஆடவைக்கும், வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென் பற்றியும் பயமுறுத்துகிறார்கள். சாயமில்லாத சிரப்புக்கு மாறலாமா? அல்லது பெரியவர்கள் போடும் மாத்திரையையே பொடித்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: சாயமில்லாத சிரப்புக்குத் தாராளமாக மாறலாம். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். ஆனால் சிரப்பை மாற்றும் அன்று எம்.எல். கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். இந்த விஷயத்தில் உண்மையான ஆபத்து சாயத்தில் இல்லை, அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் சாயம். வாட்ஸ்அப் செய்திக்கு மூலம் 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் செயற்கைச் சாயங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளும் கலந்த பானத்தைத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். சிலரிடம் துறுதுறுப்பு சற்றுக் கூடியது; எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி இல்லை. அதையொட்டி ஐரோப்பிய ஒன்றியம் சன்செட் எல்லோ, டார்ட்ரசீன், கார்மோய்சின் உள்ளிட்ட ஆறு சாயங்கள் சேர்ந்த உணவுப் பொருள்களில், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் இவை பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை 2010 ஜூலை முதல் அச்சிடச் சொன்னது. தடை செய்யவில்லை.

அந்த ஆய்வில் சாயம் நாள் தவறாமல் கொடுக்கப்பட்டது. காய்ச்சல் சிரப் வருடத்தில் சில முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள். சன்செட் எல்லோவுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வகுத்த தினசரி வரம்பு ஒரு கிலோ எடைக்கு 4 மி.கி. உங்கள் மகனுக்கு அது 52 மி.கி. ஒரு நாள் முழுக்கக் குடிக்கும் சிரப்பில் இருக்கும் சாயம் இதன் பக்கத்தில்கூட வராது. கல்யாணப் பந்தியில் கையில் ஒட்டும் ஆரஞ்சு ஜாங்கிரியைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை. கவலைப்படுவதானால் அங்கிருந்து தொடங்கலாம்.

சிரப் மேல் மட்டும் சந்தேகம் விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மருந்து விதிகளின்படி சாயம் சேர்த்தால் அதன் பெயரை லேபிளில் போட்டே ஆக வேண்டும். மற்றவை பெரும்பாலும் 'சுவையூட்டப்பட்ட சிரப் அடிப்படை' என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடும். கண்ணில் படுவது சாயம் ஒன்றுதான் என்பதால் பயமும் அதன் மேலேயே போகிறது.

அந்த ஒரு வரிக்குள் இருப்பவை வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை. பாராசிட்டமால் கசக்கும், தண்ணீரிலும் எளிதில் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு எம்.எல். தண்ணீரில் சுமார் 14 மி.கி.தான் கரையும். உங்கள் சிரப்பில் ஒரு எம்.எல்.லுக்கு 24 மி.கி. இருக்க வேண்டும். அதனால் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான்களைச் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் மருந்துத் துகளைப் பசை போட்டு மிதக்க விடுகிறார்கள். இரண்டாவது வகைதான் சஸ்பென்ஷன். அதைக் குலுக்காமல் ஊற்றினால் பாட்டிலின் மேல்பாதியில் மருந்து குறைவாகவும் அடியில் அதிகமாகவும் வரும். காய்ச்சலே குறையவில்லை என்று முதல் நாள் புலம்பிய அதே வீட்டில், பாட்டில் தீரும் சமயத்தில் அளவு கூடிப்போவது இப்படித்தான். ஒவ்வொரு முறையும் பத்து விநாடியாவது நன்றாகக் குலுக்குங்கள்.

பாரபென் பூஞ்சையும் கிருமியும் வளராமல் தடுக்கிறது. இனிப்பான திரவத்தைத் திறந்து நம் ஊர் வெயிலில் வைத்தால் அது இல்லாமல் தாங்காது. கணக்குப் பார்ப்போம். மெத்தில் பாரபென் 0.2 சதவீதம் இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு நான்கு வேளை 8 எம்.எல். கொடுத்தால் 64 மி.கி. வருகிறது. வரம்பு கிலோவுக்கு 10 மி.கி., அதாவது இவனுக்கு 130 மி.கி. இரண்டு மூன்று நாள் மருந்துக்கு இதை வைத்துப் பயப்படத் தேவையில்லை.

நடைமுறையில் தொல்லை தரக்கூடியது சார்பிடால் என்ற இனிப்பூட்டி. 'சர்க்கரை இல்லாதது' என்று பெருமையாக எழுதிய பாட்டில்களில் இது அதிகமாக இருக்கும், வயிற்றை இளக்கும். காய்ச்சலோடு பேதியும் இருந்து, சிரப் கொடுத்த பிறகு பேதி கூடினால் இதைச் சந்தேகியுங்கள். சர்க்கரை சேர்த்த சிரப் பல்லுக்குக் கெடுதல். தூங்கப்போகும் முன் கொடுத்தால் பின்னாலேயே இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வைத்தால் போதும்.

உண்மையாகவே சேர்பொருளைப் பார்த்து வாங்க வேண்டிய குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். பிறவியிலேயே ஃப்ரக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சார்பிடாலும் சர்க்கரையும் ஆகாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி ஆகாது. பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்குச் சோடியம் பென்சோயேட் மஞ்சள் காமாலையைக் கூட்டலாம். அந்த வயதில் காய்ச்சல் வந்தாலே வீட்டு மருந்து கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான். ஆரஞ்சு, சிவப்புச் சிரப் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு எழும்புவது ஒவ்வொரு தடவையும் நடந்தால் சாய ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரே ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸே தடிப்பையும் கொண்டுவரும். உதடு, கண் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இனி மாற்றுவது எப்படி? பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் மகனுக்கு 195 மி.கி. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. கடையில் மூன்று வலுவில் கிடைக்கிறது. 5 எம்.எல்.லில் 120 மி.கி. உள்ளதில் இவனுக்கு 8 எம்.எல். 250 மி.கி. உள்ளதில் 4 எம்.எல்.லைத் தாண்டக் கூடாது, 3.9 என்பதே சரியான கணக்கு. ஒரு எம்.எல்.லுக்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸில் 2 எம்.எல்.லுக்குச் சற்றுக் குறைவு.

சாயமில்லாத பாட்டில் கேட்டு நிற்கும்போது கடைக்காரர் 250-ஐ எடுத்துக் கொடுப்பார். வீட்டில் பழக்கதோஷத்தில் அதே 8 எம்.எல். போகும். ஒரு வேளைக்கு 400 மி.கி., நாளைக்கு நான்கு வேளை என்றால் 1600 மி.கி., கிலோவுக்கு 120-க்கும் மேல். சரியான அளவில் அது இரண்டு மடங்கு. சரியாகச் சாப்பிடாத காய்ச்சல் பிள்ளைக்கு இப்படி இரண்டு மூன்று நாள் போனால் கல்லீரல் பாதிக்கப்படலாம். டிராப்ஸில் அதே 8 எம்.எல். என்றால் ஒரே வேளையில் 800 மி.கி. ஆகிவிடும். ஆகவே பாட்டில் மேல் பேனாவால் 'இவனுக்கு இத்தனை எம்.எல்.' என்று எழுதி, அப்பா, பாட்டி, யார் கொடுத்தாலும் அதைப் பார்த்தே கொடுக்கும்படி செய்யுங்கள். அளக்க 5 எம்.எல். வாய்வழி சிரிஞ்ச் நல்லது. சங்கிலோ பாலாடையிலோ ஊற்றிக் கொடுத்தால் கெட்டியான சஸ்பென்ஷனில் ஒரு பங்கு சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சமையலறைக் கரண்டிகளில் இரண்டு ஒரே அளவாக இருப்பதில்லை.

சாயத்தைத் தவிர்க்கிறேன் என்று வேறு மருந்துக்கே தாவிவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலச் சிரப்புகளிலும் சாயம் உண்டு. டெங்கு சந்தேகம் இருந்தால் இவை இரண்டும் ஆகாது. நிமசுலைடு என்ற காய்ச்சல் மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011-லேயே தடை செய்யப்பட்டது. ஆஸ்பிரின் பக்கமே போக வேண்டாம்.

மாத்திரையைப் பொடிப்பது ஏன் கூடாது? 500 மி.கி. மாத்திரையில் பாதி 250, இவனுக்கு அதிகம். கால் பங்கு 125. போதாது, அதுவும் கத்தியால் வெட்டினால் கால் பங்கு கால் பங்காக விழாது. 650 மாத்திரையில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். சேர்பொருள் மாத்திரையிலும் உண்டு. வாந்தி நிற்காமல் வாயால் எதுவும் தங்காவிட்டால் ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி இருக்கிறது. சாயமோ இனிப்போ தேவைப்படாது. 170 மி.கி. இவனுக்குப் பொருந்தும். வெளியே வைத்தால் இளகிவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். பேதி இருக்கும்போது பயன்படாது.

கடைசியாக, எந்த லேபிளிலும் எழுதப்படாத ஒன்று. டை எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் தொழிற்சாலைக் கரைப்பான். மலிவு என்பதால் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் நுழைந்துவிடும். நிறமில்லை, தித்திக்கும், வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபரில் கண்டது 48.6 சதவீதம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அது சளிக்கான கூட்டு மருந்து. பாராசிட்டமாலும் அதில் ஒரு பங்கு. அதில் இருந்த ஃபீனைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் கூட்டு நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2023-லேயே உத்தரவு இருக்கிறது. ஆகவே உங்கள் மகனுக்குச் சளிச் சிரப் வேண்டாம். காய்ச்சல் சிரப்போடு அதையும் சேர்த்தால், யாரும் கவனிக்காமல் பாராசிட்டமால் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே போகும்.

பாராசிட்டமால் மட்டும் உள்ள சிரப்பை, சீல் உடையாமல், பில்லோடு வாங்குங்கள். வேறு பாட்டிலில் மாற்றி ஊற்றாதீர்கள், பேட்ச் எண் தெரியும்படி லேபிளை வைத்திருங்கள். எந்தச் சிரப் கொடுத்தாலும் ஓரிரு நாளில் வாந்தி நிற்காமல், எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் வராமல், பிள்ளை மந்தமாகிப் போனால் காத்திருக்க வேண்டாம். குழந்தையோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவ வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.