காசிமேட்டிலிருந்து கிழக்கே தெரியும் ஆரஞ்சு நிற நட்சத்திரம்

ஏப்ரல் நடுவில் இரவு எட்டு மணியளவில், சென்னையின் காசிமேட்டுக் கடற்கரையிலிருந்து கிழக்கே தெரியும் ஆரஞ்சு நிற ஒளிப்புள்ளி செவ்வாயா என்று கேட்டிருக்கிறீர்கள். அது சுவாதி நட்சத்திரம். கோள்களைப் போல நிலையாக ஒளிராமல் துடிப்பாக மின்னுவதே முதல் அடையாளம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவைத் தொடர்ந்து கண்ணை நகர்த்தினாலும் அதில்தான் போய் முடியும். துறைமுக விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறித் தெரிவதில் வியப்பில்லை, இரவு வானின் நட்சத்திரங்களில் ஒளியில் அது நான்காவது.

சுமார் 37 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இந்தச் செம்பெருமீனின் (முதிர்ந்து உப்பிய சிவந்த நட்சத்திரத்தின்) நிறை சூரியனுடையதைவிடச் சற்றே கூடுதல்தான் என்றாலும், மையத்து ஹைட்ரஜன் தீர்ந்து, அதைச் சூழ்ந்த அடுக்கில் எரிதல் தொடர்வதால், வெளிப்பகுதி உப்பிச் சூரியனைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு விட்டத்துக்கு விரிந்திருக்கிறது. அதன் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிடவும் குறைவு என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 4,300 கெல்வின் (சூரியனில் 5,772); நிறத்துக்கு அதுவே காரணம். மேற்பரப்பு குளிர்ந்திருந்தும், பரப்பளவு மிகுதியால் அது சூரியனைப்போல் ஏறத்தாழ 170 மடங்கு ஆற்றலை உமிழ்கிறது; அதில் கணிசமான பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள்.

மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால், இது வானில் விரைந்து இடம்பெயரும் நட்சத்திரமும்கூட. பண்டைய வானியலாளர் தாலமியின் பழைய நட்சத்திர அட்டவணையோடு ஒப்பிட்டு, அது இடம்பெயர்ந்திருப்பதை 1718-இல் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி கண்டறிந்தார். முழுநிலவின் அகலத்தைக் கடக்க அதற்குச் சுமார் 800 ஆண்டுகள் ஆகும்.

நள்ளிரவு தாண்டிப் பார்த்தால், சென்னையில் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும்.