கேமிலேயே பாட்டு இருக்கும்போது சவுண்ட்ட்ராக்கை ஏன் தனியாக வாங்க வேண்டும்?

கேள்வி இதுதான்: கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில், கேமின் பக்கத்திலேயே சவுண்ட்ட்ராக் (அந்த கேமின் பாட்டுத் தொகுப்பு) என்று ஒன்றைத் தனி விலை போட்டு வைத்திருக்கிறார்கள், அதை வாங்கினால் கையில் என்ன கிடைக்கும், ஏற்கெனவே கேமுக்குள் இருக்கும் பாட்டுக்கு மறுபடியும் காசு கொடுக்கலாமா? தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவனும் இதையேதான் கேட்டான். "அண்ணா, கேம்லயே பாட்டு வருது, இன்னாத்துக்கு தனியா வேற வாங்குற?" அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், கேமுக்குள் இருப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி முழுப் பாட்டாக இருக்காது. காட்டுக்குள் சும்மா நடக்கும்போது வயலின் மட்டும் மெதுவாக வரும், எதிரி கண்ணில் பட்டதும் தாளம் சேரும், சண்டை முடிந்தால் மறுபடி அடங்கும். இப்படி ஆட்டத்துக்குத் தகுந்தபடி மாற வேண்டும் என்பதால் ஒரே பாட்டைப் பல அடுக்குகளாகப் பிரித்து, எஃப்மாட், வைஸ் போன்ற கேம் ஒலி மென்பொருள்களின் கோப்புகளுக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். பல கேம்களில் போல்டரைத் திறந்து தேடினால் ஒரு எம்பி3கூட அகப்படாது. அந்தப் பாட்டுக்கு முடிவும் கிடையாது, நீங்கள் இடத்தை விட்டு நகரும் வரை சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்பமாக வெளியிடும்போது யாரோ உட்கார்ந்து இந்த அடுக்குகளை ஒன்றாகக் கலந்து, எங்கே ஏற்றுவது, சுற்றை எத்தனை தடவை ஓடவிட்டு எங்கே அடக்குவது, எதற்குப் பின் எதை வைப்பது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அது தனி உழைப்பு. என்னைக் கேட்டால் தனி விலை நியாயம்தான்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வர ஒரு காரணம் உண்டு. நான் பள்ளியில் படித்த காலத்தில் பாரிமுனைப் பக்கம் கிடைத்த கேம் சிடிகள் பலவற்றில், 700 எம்பிக்குள் அடங்க வேண்டும் என்று பாட்டையும் இடையில் வரும் வீடியோக்களையும் வெட்டி எடுத்திருப்பார்கள். காலடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம், அவ்வளவுதான். வேலைக்குப் போன பிறகு அதே கேமை முறையாக வாங்கி முதல் தடவை பாட்டோடு விளையாடியபோது, வேறு கேமை வாங்கிவிட்டேனோ என்றே தோன்றியது. அந்த ஆல்பத்தை அன்றைக்கே வாங்கினேன்.

சரி, எப்படி விற்கிறார்கள்? ஸ்டீமில் 2020 ஜனவரி வரை சவுண்ட்ட்ராக்கும் ஒரு டிஎல்சிதான் (கேமோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் பகுதி), அதாவது கேம் இல்லாமல் அதை மட்டும் வாங்க முடியாது, வாங்கினாலும் பாட்டுகள் கேமின் போல்டருக்குள் எங்கோ ஒரு மூலையில் போய் உட்காரும். அதன் பிறகு சவுண்ட்ட்ராக்கைத் தனி வகையாகப் பிரித்துவிட்டார்கள். கேமை பிளேஸ்டேஷனில் விளையாடியவர்கூடப் பாட்டை மட்டும் ஸ்டீமில் வாங்கலாம், அது கணினியில் ஸ்டீமின் ஸ்டீம்ஆப்ஸ் போல்டருக்குள் மியூசிக் என்கிற போல்டரில் இறங்கும், லைப்ரரியிலிருந்தே ஓடவிடலாம், போனுக்கும் காப்பி செய்துகொள்ளலாம். எம்பி3 கட்டாயம் இருக்கும். ஃப்ளாக், வேவ் என்கிற தரம் குறையாத வடிவங்களைக் கொடுப்பது வெளியிடுபவரின் விருப்பம். அப்படிக் கொடுத்திருந்தாலும் செட்டிங்ஸில் மியூசிக் பகுதிக்குப் போய் உயர்தரப் பிரதியையும் இறக்கு என்பதை டிக் செய்தால்தான் வரும், நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. பழைய ஆல்பங்கள் சில இன்னும் டிஎல்சியாகவே கிடக்கலாம், அதனால் கேம் கட்டாயமா என்று பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு மணி நேர ஆல்பம் சிடி தரத்தில் வேவ் ஆக இருந்தால் 600 எம்பிக்கு மேல் வரும், ஃப்ளாக் ஏறக்குறைய அதில் பாதி, 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 140 எம்பி சுமார். மெட்ரோவில் கிண்டி வரை இயர்போனில் கேட்டுக்கொண்டு போக எம்பி3 தாராளம். ஆனாலும் ஃப்ளாக் கொடுத்தால் இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துவிடுங்கள், ஃப்ளாக்கிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், எம்பி3யில் போன தரத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

ஸ்டீமில் காசு கட்டும் முன், கேம் விற்கும் இன்னொரு கடையான ஜிஓஜி தளத்தையும் ஒரு எட்டு பாருங்கள். அங்கே பழைய கேம்கள் பலவற்றோடு பாட்டு, கையேடு, வால்பேப்பர் எல்லாம் சேர்த்து இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

அப்புறம் பேண்ட்கேம்ப், இசைக்கலைஞர்கள் தங்கள் ஆல்பத்தை நேரடியாக விற்கும் தளம். இசையமைப்பாளரே அங்கே ஆல்பத்தை வைத்திருந்தால் நான் யோசிக்காமல் அங்கேதான் வாங்குவேன். தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம், விற்பனை கூடினால் 10, பணம் கட்டும் செலவு போக மீதி அவருக்கு. 2020 மார்ச்சிலிருந்து சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். எந்த வடிவம் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே சிக்கல், விலை பெரும்பாலும் டாலரில் இருக்கும், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் கேம் என்றால் பாட்டின் உரிமை பொதுவாக நிறுவனத்திடமே இருக்கும், நீங்கள் எங்கே வாங்கினாலும் இசையமைப்பாளருக்குப் பெரிதாகப் போகாது. ஸ்டார்டியூ வேலி அப்படியில்லை, கேமைச் செய்ததும் பாட்டு போட்டதும் எரிக் பரோன் என்கிற ஒரே ஆள்.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது வெண்பா என்கிற கேமின் பாட்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை, 2024இல் ஒரு குழுவின் முதல் கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. சமைக்கும்போது ரேடியோவில் வரும் தமிழ்ப் பாட்டுகளை வெவ்வேறு காலத்துச் சினிமாப் பாட்டு மாதிரியே செய்திருக்கிறார்கள். வீட்டில் ஓடவிட்டேன், எங்கள் அம்மா "இது எந்தப் படம்?" என்று கேட்டார்.

விலை யோசனையாக இருந்தால், ஸ்டீமில் கேமும் சவுண்ட்ட்ராக்கும் சேர்ந்த பண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கேம் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் மீதிக்கு மட்டும் காசு, பண்டில் தள்ளுபடியும் அதற்குக் கிடைக்கும். அவசரமில்லை என்றால் ஜூன் கடைசியில் வழக்கமாக வரும் சம்மர் சேல் வரை விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள்.