கேள்வி–பதில்: 10 டிகிரி கூடினால் நேரம் பாதியா?

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): 4 மி.மீ. தடிமனுள்ள இயற்கை ரப்பர் கேஸ்கெட்டை 150 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வேகவைக்கிறோம் (சூட்டில் இறுகச் செய்கிறோம்). 10 டிகிரி கூட்டினால் நேரம் பாதியாகும் என்பதை நம்பி 180 டிகிரியில் 75 விநாடி வைத்தோம். மோல்டின் ஓரம் நிரம்பவில்லை, நடுப்பகுதியும் சரியாக வேகவில்லை. 3 நிமிடம் வைத்தால் ரப்பர் தளர்ந்து பிசுபிசுக்கிறது. 100 பங்கு ரப்பருக்கு சல்ஃபர் 2.5, சி.பி.எஸ். (வேகும் வேகத்தைக் கூட்டும் ஆக்சிலரேட்டர்) 0.6 போடுகிறோம். எங்கே தவறு?

பதில்: கணக்கில் தவறில்லை. 30 டிகிரி கூட்டினால் நேரம் மூன்று முறை பாதியாகி 75 விநாடிதான் வரும். ஆனால் அந்த விதி வேதிவினையின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. மோல்டுக்குள் வேறு மூன்று காரியங்கள் நடக்கின்றன, அவை இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை.

முதலாவது, சூடு உள்ளே போகும் நேரம். ரப்பர் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். இரு பக்கமும் சூடு கிடைத்தாலும் 4 மி.மீ. தகட்டின் நடுப்பகுதி மோல்டின் சூட்டை நெருங்கவே சுமார் 40 விநாடி ஆகும். உங்கள் 75 விநாடியில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. தடிமன் இரட்டித்தால் இந்த நேரம் நான்கு மடங்காகும். 40 மி.மீ. தடிமனுள்ள புஷ் (உருளை வடிவ ரப்பர் பாகம்) என்றால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். தடித்த பொருளை 180 டிகிரியில் வைத்தால் தோல் கருகும், நடுவில் பச்சையாக இருக்கும். அதற்கு 140 டிகிரியும் நீண்ட நேரமும்தான் சரி.

இரண்டாவது, பாயும் நேரம். ரப்பர் இறுகத் தொடங்குமுன் மோல்டு முழுவதும் ஓடி நிரம்ப வேண்டும். 150 டிகிரியில் அதற்கு 3 நிமிடம் கிடைக்கிறது என்றால், 180 டிகிரியில் 22 விநாடிதான். காம்பவுண்டை (சல்ஃபர் முதலியவை கலந்த, இன்னும் வேகாத ரப்பர்) வைத்து, மூடி, காற்று போக ஒருமுறை பிரஸ்ஸைத் திறந்து மூடுவதற்குள் அது தீர்ந்துவிடும். ஓரம் நிரம்பாதது இதனால்தான்.

மூன்றாவதுதான் பிசுபிசுப்புக்குக் காரணம். சல்ஃபர் அதிகம், ஆக்சிலரேட்டர் குறைவு என்ற உங்கள் கலவையில் ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே பல சல்ஃபர் அணுக்கள் கோத்த நீண்ட பிணைப்புகள் உருவாகின்றன. அவை சூட்டுக்கு எளிதில் அறும். 160 டிகிரிக்கு மேல் இயற்கை ரப்பரில் பிணைப்பு உருவாகும் வேகத்தோடு அறும் வேகமும் கூடிவிடுகிறது. இதைத்தான் ரிவர்ஷன் என்கிறோம். ரப்பர் இறுகுவதை நேரத்தோடு வரைந்து காட்டும் ரியோமீட்டரின் வரைகோடு உச்சம் தொட்டுக் கீழே சரிவதில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

160 டிகிரியைத் தாண்டாதீர்கள். சல்ஃபரை 1.2 முதல் 1.5 வரை குறைத்து, சி.பி.எஸ்ஸை 1.2 முதல் 1.8 வரை கூட்டிப் பாருங்கள். பிணைப்புகள் குட்டையாகி சூட்டைத் தாங்கும். திரும்பத் திரும்ப வளையும் பொருளுக்கு இந்த மாற்றம் ஆகாது, சீக்கிரம் வெடிப்பு விடும். கேஸ்கெட் வளைவதில்லை, அமுங்கித்தான் கிடக்கிறது. அதற்கு இதுவே மேல்.

இரட்டிப்பு விதியையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் காம்பவுண்டை 150, 160, 170 டிகிரிகளில் ரியோமீட்டரில் ஓட்டி டி90 நேரங்களை (90 சதவீதம் வேக ஆகும் நேரம்) குறியுங்கள். 10 டிகிரிக்கு 1.8 மடங்கா, 2 மடங்கா என்று அதுவே சொல்லிவிடும். சல்ஃபருக்குப் பதில் பெராக்சைடால் வேகும் ரப்பரில் 2.5 மடங்குக்குக்கூடப் போகும். பிரஸ்ஸின் டிஸ்ப்ளே காட்டுவது பிளாட்டனின் (மோல்டைச் சூடாக்கும் தட்டின்) சூடு. மோல்டின் குழிக்குள் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) வைத்துப் பாருங்கள். அங்கே 5 டிகிரி குறைந்தாலே 10 நிமிட வேலைக்கு 14 நிமிடம் தேவைப்படும்.

கேள்வி (நாமக்கல் வாசகர்): சித்திரை, வைகாசியில் மில்லில் (ரப்பரைக் கலக்கும் உருளை இயந்திரம்) இருந்து எடுத்த காம்பவுண்ட் இரண்டே நாளில் கட்டி கட்டியாக இறுகுகிறது. மற்ற மாதங்களில் இப்படி ஆவதில்லையே?

பதில்: ரப்பர் பட்ட சூட்டையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ளும். 120 டிகிரியில் 15 நிமிடத்தில் இறுகத் தொடங்கும் காம்பவுண்ட், 100 டிகிரியில் ஒரு மணி நேரம் தாங்கும். மில்லில் இருந்து வந்த சூடான தகடுகளை அப்படியே அடுக்கினால், அடுக்கின் நடுவில் அந்தச் சூடு பல மணி நேரம் தங்கிவிடும். கோடையில் அது வெளியேற வழியே இல்லை. 8 முதல் 10 மி.மீ. தகடாக எடுத்து, தொங்கவிட்டு மின்விசிறியில் ஆறவையுங்கள். 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே அடுக்குங்கள். சல்ஃபரும் ஆக்சிலரேட்டரும் கடைசியில்தான் சேர வேண்டும். அப்போது கலவை 100 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்கும் போதவில்லை என்றால் சி.டி.பி. என்ற பொருளை 100 பங்கு ரப்பருக்கு 0.1 முதல் 0.3 பங்கு போடலாம். இறுகத் தொடங்குவதை அது தள்ளிப்போடும், பிறகு வேகும் வேகத்தை அதிகம் குறைக்காது. டயர் ரீட்ரெடிங்கில் பழைய டயரோடு புது மேற்பட்டையை ஒட்டவைக்கும் குஷன் கம் 100 டிகிரி அளவிலேயே வேகத் தயாரிக்கப்பட்டது. அதைக் குளிர்ந்த அறையில் மட்டுமே வையுங்கள்.

கேள்வி (ஊட்டி வாசகர்): எபாக்சி ஒரு இரவு முழுக்க வைத்தும் இறுகாமல் பிசுபிசுக்கிறது. ஹார்டனரை (இறுகவைக்கும் பொருளை) இரண்டு மடங்கு போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் பெராக்சைடை ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாக்கலாம், அது வினையைத் தொடங்கி வைப்பது மட்டுமே. எபாக்சியின் ஹார்டனர் இறுகும் மூலக்கூறு வலையின் பகுதியாகவே சேர்கிறது. அளவு மீறினால் மிச்சம் உள்ளேயே தங்கி, என்றும் மென்மையாகத்தான் இருக்கும். எடை போட்டுச் சரியான விகிதத்தில் கலந்து, 40 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். அட்டைப்பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு போதும், பல்பு அட்டையைத் தொடாமலும் நீங்கள் அருகிலேயே இருந்தும். அறைச் சூட்டில் இறுகிய எபாக்சி கண்ணாடித் தன்மைக்கு வந்ததும் மூலக்கூறுகள் நகர முடியாமல் வினை பாதியில் நின்றுவிடும். மறுநாள் 60 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் விட்ட இடத்தில் இருந்து தொடரும்.