மலத்தில் ரத்தம்: மூலமா, குடல் புற்றுநோயா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் 58 வயது அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போகிறது, மூலம் என்று நாட்டு மருந்து சாப்பிடுகிறார், பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் உள்ளவருக்குப் புற்றுநோயும் சேர்ந்தே இருக்கலாம். உள்ளே பார்க்காமல் சொல்ல முடியாது.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியில்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாற 10 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் கண்டுபிடித்தால் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்யும்போதே வெட்டி எடுத்துவிடலாம். வலப்பக்கக் குடலில் கட்டி வந்தால் பல நேரம் ரத்தம் கண்ணுக்கே தெரியாது. சோகையும் களைப்பும்தான் வரும். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய அலுப்பு என்று நம் ஆட்கள் விட்டுவிடுவார்கள்!

அரசு கிளினிக்கில் 50 வயதுக்கு மேல் செய்யும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கானது. அப்பாவுக்குத்தான் ரத்தம் தெரிகிறதே, நேராகக் கொலோனோஸ்கோபிக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.