கயாக்கில் ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் கணவரும் பன்னிரண்டு வயது மகனும் ஒரு நாள் முழுக்க ஆற்றில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகு) ஓட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். 18 கிலோமீட்டர், நிதானமான பயணம் என்கிறார்கள். மூவருக்கும் இதுதான் முதல் தடவை, எனக்கு நீச்சலும் சுமார்தான். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடும் ஆற்றில் புதிதாகத் துடுப்புப் போடுகிறவர் மணிக்கு 4 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். அந்தக் கணக்கில் 18 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரம் கை ஓயாமல் துடுப்புப் போட வேண்டும், சாப்பிட, கால் நீட்ட, மணல் திட்டில் இறங்கி விளையாட ஆகும் நேரம் தனி. மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று கிளம்பினால் கேட்கவே வேண்டாம். 8 அல்லது 9 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், துடுப்பை மடியில் போட்டுவிட்டுச் சும்மா மிதக்கவும் நேரம் கிடைக்கும். இந்தப் பயணத்தின் சுகமே அதில்தான் இருக்கிறது என்பேன்.

உள்ளே கால் நுழைத்து உட்காரும் கயாக் வேண்டாம், மேல்தளத்தில் உட்காரும் வகையைக் கேளுங்கள், கவிழ்ந்தாலும் தண்ணீரில் விழுவீர்களே தவிர உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். மகன் அப்பாவோடு இரட்டை இருக்கைப் படகில் வரட்டும், அப்பா பின்னால், ஏனென்றால் படகைத் திருப்புவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர் கையில்தான்.

லைஃப் ஜாக்கெட்டை நீச்சல் தெரிந்தவர் உட்பட எல்லோரும் கரையிலேயே போட்டு, வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஜாக்கெட்டைத் தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே இழுக்கும்படி ஒருவரிடம் சொல்லுங்கள், அது காது வரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: அமைதியான ஆறுதானே, அதில் அப்படி என்ன ஆபத்து?

பதில்: இரண்டு விஷயங்களுக்கு நான் உண்மையாகவே பயப்படுவேன். ஒன்று, ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரம். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், படகும் ஆளும் போக முடியாது, சல்லடையில் சிக்கியது மாதிரி நீரோட்டம் அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வளைவுகளில் வெளிப்பக்கம்தான் ஆழமும் வேகமும் அதிகம், கரை அரித்து மரம் விழுவதும் அங்கேதான், அதனால் வளைவு வருவதற்கு முன்பே உட்பக்கமாக ஒதுங்கிவிடுங்கள். தப்பித் தவறிப் படகு பக்கவாட்டில் மரத்திலோ பாறையிலோ மோதினால் உடம்பு தன்னால் விலகப் பார்க்கும், ஆனால் மோதிய பக்கமே சாய வேண்டும். விலகிச் சாய்ந்தால் தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு அமுங்கி, படகு அந்த நொடியே கவிழ்ந்துவிடும்.

இன்னொன்று தடுப்பணை. மேலிருந்து வரும்போது ஆற்றின் குறுக்கே ஒரு கோடு மட்டும்தான் தெரியும், பார்க்கச் சாதுவாக இருக்கும். கீழே விழும் தண்ணீர் திரும்பித் திரும்பிப் பின்னோக்கிச் சுருளும், அதில் சிக்கினால் லைஃப் ஜாக்கெட் போட்டவரும் வெளியே வருவது கஷ்டம். வழியில் தடுப்பணை உண்டா என்று கிளம்பும் முன்பே விசாரித்து, நன்றாக மேலேயே கரை ஏறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடுங்கள்.

அப்புறம், ஓடும் தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். தொடையளவு தண்ணீர்தான் என்றாலும் பாதம் கல்லிடுக்கில் சிக்கினால் பின்னாலிருந்து வரும் வேகம் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். மல்லாந்து படுத்து, நீர் போகும் திசைக்குக் கால்களை நீட்டி, கால்விரல்கள் வெளியே தெரிகிற மாதிரி மிதந்தபடி மெல்லக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

கேள்வி: கொஞ்ச நேரத்திலேயே தோள் வலிக்கிறது. துடுப்பு கனமா?

பதில்: கனமாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் கையால் மட்டும் இழுக்கிறீர்களா என்று பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கி, பாதம் மிதியில் ஊன்றியிருக்க வேண்டும். துடுப்பைக் கால் பக்கத்தில் தண்ணீரில் இறக்கி, இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி இழுத்து, இடுப்பருகே வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் இழுத்தால் படகுதான் திரும்பும். பிடியும் தளர்வாக இருக்கட்டும், இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கையில் கொப்புளம் வரும்.

கேள்வி: போனைக் கொண்டுபோகலாமா?

பதில்: தண்ணீர் புகாத பையில் போட்டு, பையைப் படகோடு கட்டி வையுங்கள். கார் சாவியையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.