விளையும் வீடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் காடாகக் கிடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்கும் அவருக்கும் முட்டுவலி. ஆள் விட்டுப் புல் வெட்டியே காசு கரைகிறது. ஓரமாக ரோஜாவும் நடுவில் புல்தரையும் போடச் சொல்கிறாள் மகள். அதிகம் பாடுபடாமல் என்ன வைக்கலாம்?
- வாசகி, தக்கலை

பதில்: மகள் லீவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். மீதி நாளெல்லாம் புல்தரையோடு மல்லுக்கட்டப்போவது நீங்கள்தானே? நமக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. புல்லுக்கு இதைவிடக் கொண்டாட்டம் ஏது! ரோஜா அதைவிட மோசம். இந்த ஈரக் காற்றில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து உதிரும். மருந்தடிக்க மறுபடி ஆள் தேட வேண்டும். ரெண்டும் வேண்டாம்.

புல்லை வெட்டுவதைவிட முளைக்க விடாமல் மண்ணை மூடி வைப்பதுதான் லாபம். தென்னை நாலு மரமாவது நிற்குமே? தேங்காய் உரித்த தொண்டை (நார்மட்டையை) விற்காதீர்கள். மரத்தடியைச் சுற்றி ஆறடி தூரத்துக்கு, முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். மேலே காய்ந்த ஓலையும் சருகும். பங்குனி வெயிலில் எங்கள் விளையில் (தோப்பில்) ஒரு தொண்டைப் புரட்டினால் அடியில் மண் கறுத்து, கையில் ஒட்டுகிற ஈரத்தோடு இருக்கும். மண்புழு சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு முழம் தள்ளி, மூடாத இடத்தில் மண்வெட்டி போட்டால் 'டங்'கென்று சத்தம்தான் வரும். மண்ணுக்கு மேலே அடுக்கும்போது மல்லாத்திப் போட்டுவிடாதீர்கள், மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். குழி வெட்டிப் புதைப்பதென்றால்தான் மல்லாத்த வேண்டும். மண்ணுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

அப்புறம் அதே தென்னையில் நல்லமிளகு ஏற்றுங்கள். வைகாசிக் கடைசியில் மழை பிடித்ததும், வேர் விட்ட கொடியை மரத்தின் வடக்குப் பக்கம் நட்டால் வெயில் சுடாது. நிழல் கூடின இடமென்றால் கரிமுண்டா ரகம். பன்னியூர் 1 வெளிச்சம் கேட்கிற ரகம்.

மரத்துக்கு இடைவெளியில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து சேனை, காச்சில் (பெருவள்ளிக் கிழங்கு). மாசியில் நட்டுச் சருகு போட்டு மூடிவிட்டால், கோடை மழைக்கு முளைத்து வரும். நடுவில் ஒருதரம் மண் அணைத்தால் போதும். சுசீந்திரத்தில் மார்கழித் தேர் ஓடுவதற்குள் தோண்டிவிடலாம். மரச்சீனி (மரவள்ளி) வேண்டாம் என்பேன். நட்டுவிட்டு நீங்கள் சும்மா இருக்கலாம், பெருச்சாளி சும்மா இருக்காது.

வாழையில் மட்டி ரகம் வைக்க யாருக்கும் ஆசை வரும், அதுவும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு சொல்லவே வேண்டாம். ஆனால் ஆடிக் காற்றுக்கு ஊன்றுகால் கொடுக்கவும் கன்று கழிக்கவும் குனிந்து நிமிர வேண்டும். முட்டுவலியை நினைத்து ரெண்டு வாழையோடு நிறுத்துங்கள். சக்கை (பலா) மரம் வீட்டை ஒட்டி வேண்டவே வேண்டாம்.

பூ இல்லாமல் மகள் விடமாட்டாள், சரி. தெச்சி (இட்லிப்பூ), நந்தியாவட்டை, நாட்டுச் செம்பருத்தி வையுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விட்டால் போதும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பினால் ஓஸ் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

கேள்வி: கடைக்குப் போனால் முருங்கைக்காய் விலை மலைக்க வைக்கிறது என்று பி.கே.எம். 1 ரக முருங்கை வைத்தேன். ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டது. காற்றுக்கு ஒவ்வொரு கொம்பாக முறிகிறது.
- வாசகர், அஞ்சுகிராமம்

பதில்: காற்றாடி சுற்றுகிற ஊரில் முருங்கையை நெடுக வளர விடலாமா? காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிடுங்கள், பக்கத்தில் கிளைத்து மறுபடி காய்க்கும். கம்பளிப்பூச்சி வந்தாலும் கைக்கு எட்டும் உயரம். வெட்டிய தலையில் பச்சைச் சாணியை அப்பிவிடுங்கள், மழைத்தண்ணீர் இறங்கி அழுகாமல் இருக்கும். அடுத்தமுறை விதை போட்டால், செடி இரண்டரை அடி வந்ததுமே நுனியைக் கிள்ளிவிடுங்கள்.