ஏலத்தில் வரும் காகித பாண்டை வாங்கலாமா?

கேள்வி: 1993-ல் என் மகள் பிறந்தபோது, உடன் வேலை பார்த்தவர் அவள் பெயரில் 100 டாலர் அமெரிக்க அரசு சேமிப்பு பாண்டு (கடன் பத்திரம், இ.இ. வரிசை) வாங்கித் தந்தார். ஜெஃபர்சன் படம் போட்ட அந்தத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. இப்போது பேரன் பிறந்திருக்கிறான். அவனுக்கும் காகிதமாகவே தர ஆசை. வங்கியில் இல்லை என்கிறார்கள். ஏலத் தளத்தில் ஹெலன் கெல்லர் படம் போட்ட 50 டாலர் ஐ பாண்டு (ஐ வரிசை சேமிப்பு பாண்டு) 35 டாலருக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், நியூஜெர்சி

பதில்: சேமிப்பு என்று நினைத்து வாங்கினால் 35 டாலரும் போயிற்று. சேமிப்பு பாண்டு கைமாற்றக் கூடியது அல்ல. தாளில் யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ பணம் அவருக்கு, அல்லது அவருடைய வாரிசுக்குத்தான். உங்கள் கையில் அது வெறும் படம். பழைய தாள்களில் உரிமையாளரின் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்காவில் அரசு தரும் அடையாள எண்) முழுசாக அச்சாகியிருக்கும். அதை அப்படியே படமெடுத்து ஏலத்தில் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது!

வங்கிகளில் காகித விற்பனை 2012 ஜனவரியோடு நின்றது. வருமான வரி ரீஃபண்டில் காகித ஐ பாண்டு கேட்டு வாங்கும் வழியும் 2025-ல் மூடப்பட்டது. இனி அமெரிக்கக் கருவூலத்தின் ட்ரெஷரி டைரக்ட் இணையதளம் மட்டுமே.

அங்கே உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, வாங்கும்போது இது பரிசு என்று குறியுங்கள். பேரனின் பெயர் அவனுடைய சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். அவனுக்கு அந்த எண் வராமல் வாங்க முடியாது. குறைந்தது 25 டாலர். ஒருவர் பெயரில் ஆண்டுக்கு ஒவ்வொரு வரிசையிலும் 10,000 டாலர் உச்சவரம்பு. வாங்கியது உங்கள் பரிசுப் பெட்டியில் இருக்கும். பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ தம் கணக்கின் கீழ் அவனுக்கு மைனர் கணக்குத் திறந்த பிறகு அதில் சேர்க்கலாம். பலர் இடறுவது வங்கிக் கணக்கு எண்ணில்தான். விவரம் பொருந்தாவிட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பிறகு படிவம் 5444-ல் வங்கி அதிகாரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டி வரும்.

எந்த வரிசை? இ.இ. பாண்டு 20 ஆண்டு முடியும்போது இரட்டிப்பாகும் என்பது அரசு உறுதி. கணக்குப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம். ஆனால் 19 ஆண்டு 11 மாதத்தில் எடுத்தால் அந்த இரட்டிப்பு கிடையாது, அதுவரை சேர்ந்த நிலையான வட்டி மட்டும். பதினெட்டு வயதில் கல்லூரிச் செலவுக்கு என்றால் இது உதவாது. விலைவாசியோடு மே, நவம்பரில் வட்டி மாறும் ஐ பாண்டே பேரனுக்குத் தோது. இரண்டிலும் முதல் 12 மாதம் எடுக்க முடியாது. 5 ஆண்டுக்குள் எடுத்தால் கடைசி 3 மாத வட்டி போகும். மாதக் கடைசியில் வாங்கினாலும் அந்த மாத வட்டி முழுதும் உண்டு. ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்காமல் சில நாள் முன்பே வாங்கிவிடுங்கள்.

பீரோவில் இருக்கும் தாள்தான் அவசரம். சேமிப்பு பாண்டுக்கு 30 ஆண்டுதான் வட்டி. அது 2023-லேயே நின்றுவிட்டது. பணமாக்காவிட்டாலும் அத்தனை ஆண்டு வட்டியும் 2023-ன் வருமானம்தான். மகள் காட்டியிருக்கிறாரா என்று வரிக் கணக்காளரிடம் கேட்கச் சொல்லுங்கள். மாநில வரி இல்லை, மத்திய வரி உண்டு. முகமதிப்பு 100 டாலர் என்றாலும் அது 50 டாலருக்கு வாங்கிய தாள். இன்றைய மதிப்பை ட்ரெஷரி டைரக்டின் கணிப்பானில் பார்க்கலாம். வங்கி எடுத்துக்கொள்ளாவிட்டால் படிவம் 1522-உடன் அஞ்சலில் அனுப்பலாம். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால், புதுப் பெயர், திருமணத்தால் மாறியது, பழைய பெயர் என்ற வரிசையில் கையெழுத்து.

கொடுத்த தாள் திரும்பி வராது. அதற்குமுன் இரண்டு பக்கத்தையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மறைத்து அச்செடுத்தால் பேரன் அறையில் மாட்டலாம். அசல் பழைய தாள்தான் வேண்டும் என்றால், 1944-ல் குழந்தைகளுக்காக டிஸ்னி பாத்திரங்களை ஓரத்தில் அச்சிட்டு வந்த போர்க்கால பாண்டு சான்றிதழைத் தேடுங்கள். அது பாண்டோடு தந்த அலங்காரத் தாள்தான், பாண்டு அல்ல. அதனால் யார் பெயர் என்ற வில்லங்கமே இல்லை. லேமினேட் செய்யாமல், செலோடேப் ஒட்டாமல், பாலியெஸ்டர் உறையில் போட்டு வையுங்கள்.